கடப்பா கல்லில் ஆசிட் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், தோட்டத்தில் கல் நடைபாதை போடுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அதில் மூன்று இடம் தப்பு. கல்லின் நாலு மூலையிலும் நடுவிலும் கலவை வைத்தால் போதும், சிமெண்ட் மிச்சம் என்கிறது. பதித்த மறுநாளே சீலர் (தண்ணீரும் கறையும் இறங்காமல் கல்லில் அடிக்கும் பூச்சு) அடிக்கலாம் என்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஆசிட் கலந்த தண்ணீர் விட்டுக் கழுவினால் புதுக்கருக்கு மாறாது என்கிறது. இந்த மூன்றையும் நான் சொந்தக் காசில் செய்து பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோவில்பட்டியில். அரசுப் பள்ளியில் 31 வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே போனால் தெரியும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கொல்லைக் கதவிலிருந்து கிணற்றடி வழியாகப் பின்கேட் வரைக்கும் எங்களுக்கு ஒரு பாதை வேண்டியிருந்தது. எங்கள் மண் கரிசல். ஐப்பசி மழையில் நாலு எட்டு வைத்தால் செருப்பில் ஒட்டிய மண்ணே ஒரு கிலோ இருக்கும். கோடையில் அதே மண் வாய் பிளந்து கிடக்கும். ஒரு தரம் பீரோ சாவி அந்த வெடிப்புக்குள் விழுந்து, குடைக்கம்பியை வளைத்துத்தான் எடுத்தோம். வீட்டுக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு, கைத்தடியோடு அந்தச் சேற்றில் இறங்க விடுவதற்குப் பயமாக இருந்தது. 2022-இல் கடப்பா கல் போடுவது என்று முடிவு செய்தோம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம், ஒரு இஞ்ச் கனம், வரிசைக்கு இரண்டு கல், 27 வரிசை. மொத்தம் 54 கல், 40 அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளம்.

வேலையை எடுத்தவர் யார், சரக்கு எந்தக் கடையில் வாங்கியது என்பதெல்லாம் வேண்டாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். 4 இஞ்ச் தோண்டினார்கள். மணலைக் கொட்டிப் பலகையால் இழுத்துவிட்டார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் ஐந்து உருண்டை கலவை, மேலே கல், இரண்டு தட்டு, அடுத்த கல். இரண்டே நாளில் பாதை முடிந்தது. நாலாம் நாள் ஒருவர் டின்னும் ரோலருமாக வந்து பளபளவென்று ஒரு சீலர் அடித்துவிட்டுப் போனார். மழை பெய்து ஓய்ந்த மாதிரி கறுகறுவென்று மின்னியது. வீட்டுக்காரர் அதை நாலு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. அந்த மினுக்குக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக மேகம் கட்டியது. கண்ணில் புரை விழுந்த மாதிரி. துடைத்தால் போகவில்லை, தண்ணீர் விட்டால் கொஞ்ச நேரம் மறையும், காய்ந்ததும் திரும்ப வரும். வேலை எடுத்தவரிடம் சொன்னதும், “உப்புப் பூக்குது மேடம், ஆசிட் வாஷ் போட்டா போயிரும்” என்று ஒரு பையனை அனுப்பினார். கக்கூஸ் கழுவுகிற ஆசிட், ஒரு கேன்.

கையில் காபி டம்ளரோடு நான் கொல்லைப்படியில் நிற்கிறேன். பையன் ஊற்றினான். சீலர் உரிந்திருந்த இடத்திலெல்லாம் ஸ்ஸ் என்று பொங்கி நுரை வந்தது. “பாருங்க மேடம், அழுக்கு எப்படி நுரைக்குதுன்னு” என்றான்.

நுரைத்தது அழுக்கு இல்லை. கல். கடப்பா கல் என்பது சுண்ணாம்புக்கல், அதாவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் இந்த ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். கல் கரைந்து கால்சியம் குளோரைடாகத் தண்ணீரோடு ஓடிவிடும். ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வில் ‘நுரைத்துப் பொங்குதல்: கார்பனேட் இருக்கலாம்’ என்று எத்தனை பிள்ளைகளின் நோட்டில் டிக் போட்டிருப்பேன்! என் வீட்டுக் கல் என் கண் முன்னால் நுரைத்துப் பொங்குகிறது, நான் காபி குடித்துக்கொண்டு நிற்கிறேன். புத்தியில் உறைத்து, “தம்பி, நிறுத்து நிறுத்து” என்று ஓடுவதற்குள் பத்துப் பன்னிரண்டு கல் போய்விட்டது. பட்ட இடமெல்லாம் சாம்பல் பூத்து, தொட்டால் காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி சொரசொரவென்று ஆகிவிட்டது. கேட்டால், “பாலிஷ் போட்டுக்கலாம் மேடம்” என்றார்கள்.

இந்த உப்புப் பூப்பதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. ஈரத்தில் அது கரைந்து கல்லின் துளை வழியாகவும் இடுக்கு வழியாகவும் மேலே ஏறி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. அந்த வெள்ளை என்ன தெரியுமா? அதுவும் கால்சியம் கார்பனேட்தான். கல்லும் அதே சரக்கு, மேலே பூத்ததும் அதே சரக்கு. ஒன்றைத் தின்னும் ஆசிட் இன்னொன்றை விட்டுவைக்காது. கிரானைட்டுக்கு ஆசிட் வாஷ் செய்து பழகிய கை, கடப்பாவுக்கும் அதையே செய்கிறது. கடைகளில் சிலர் ‘கடப்பா கிரானைட்’ என்றே சொல்லி விற்கிறார்கள். ஆந்திராவிலிருந்து வரும் கடப்பா, தெலங்கானாவின் தாண்டூர், கர்நாடகத்தின் ஷாபாத், ராஜஸ்தானின் கோட்டா எல்லாமே சுண்ணாம்புக்கல் சாதி. சந்தேகம் இருந்தால் உடைந்த துண்டு ஒன்றில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அரை மணி நேரம் விட்டுக் கழுவிப் பாருங்கள். மங்கலாக ஒரு வட்டம் விழுந்தால் அந்தக் கல்லுக்கு ஆசிட் ஆகாது. கிரானைட் என்றால் ஒன்றும் தெரியாது.

அந்தப் பாதைக்கு முடிவு கட்டியது 2023 டிசம்பர் 17, 18 மழை. தென் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை. ஆனாலும் கரிசல் குடித்த தண்ணீருக்கு ஊதிப்போய், பாதையை நடுவில் தூக்கிவிட்டது. மணல் ஓரமாக அரித்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்த பிறகு நடந்தால் கல் ஒவ்வொன்றும் டொக் டொக் என்று ஆடியது. ஒரு கல்லின் மூலையை மிதித்தால் மறு மூலையிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீச்சி அடித்தது. மினுக்கு மிச்சமிருந்த இடத்தில் வீட்டுக்காரர் ஒரு தரம் வழுக்கினார். மல்லிகைப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். அன்றைக்கே எல்லாவற்றையும் பெயர்ப்பது என்று சொல்லிவிட்டேன்.

பொங்கல் கழிந்து எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு வயதான கொத்தனார் கிடைத்தார். வந்ததும் அவர் பேசவில்லை. கரண்டிக் காம்பைத் திருப்பிப் பிடித்து, குனிந்த வாக்கிலேயே ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு போனார். ஐந்து இடத்தில் ‘டக்’, மற்ற இடமெல்லாம் ‘டொப்’. கடைசிக் கல் வரை தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“வயிறு பூரா காலியா இருக்கு டீச்சரம்மா. அஞ்சு காலு வச்ச முக்காலி மாதிரி நிக்குது. நிக்கிற கல்லு ஆடத்தான் செய்யும்.”

“அஞ்சு கால் வச்சா அது எப்படி மேஸ்திரி முக்காலி?” என்றேன். வாத்தியார் புத்தி.

“கணக்கு உங்களோடது. கல்லு என்னோடது” என்றார்.

பெயர்த்ததில் 11 கல் உடைந்தது. ஆசிட் பட்டதில் படுமோசமான இரண்டை நான் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். மிச்சம் 41. புதுசாக 54 வாங்க வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். கல்லைக் கவிழ்த்துப் போடலாம் என்றார். கடப்பாவின் அடிப்பக்கம் பாலிஷ் இல்லாமல், பாளம் பாளமாகப் பிளந்த இயற்கை முகம். மழையில் நடக்கிற பாதைக்கு அதுதான் பிடிப்பு. அதில் ஒட்டியிருந்த உருண்டைகளை உளி வைத்துச் செதுக்கி எடுத்தார். இப்போது மண்ணுக்குள் போகப் போகும் பாலிஷ் முகத்தில் சீலர் மிச்சத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, அம்மி கொத்துகிற மாதிரி புள்ளி புள்ளியாகக் கொத்தினார். வழவழப்பில் கலவை ஒட்டாது அல்லவா. 41 கல்லைக் கொத்த அவருக்கு மூன்று நாள் ஆனது. அறுப்பதற்கும் சேர்த்து மேலே 17 கல் மட்டும் வாங்கினோம். இன்றும் சில கற்களில் பழைய உருண்டையின் தழும்பு ஐந்து வட்டமாகத் தெரிகிறது. பேத்தி வந்தால் அதில் நொண்டி ஆடுவாள்.

தோண்டுகிற வேலைதான் பெரிய வேலை. கரிசலில் பாதை போடுகிறவர்கள் கல் என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன்னால் மண்ணை என்ன செய்யப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். கரிசலில் இருக்கும் களிமண் துகள்கள் தகடு தகடாக அடுக்கியவை. அந்தத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் போனால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலே எதைப் போட்டாலும் அது தூக்கும், இறக்கும். அதனால் முழுசாக ஓர் அடி தோண்டி, கரிசலை வெளியே எடுத்துவிட்டோம் (முருங்கைக்கும் செம்பருத்திக்கும் போட்டது போக மிச்சத்தைப் பக்கத்து வீட்டார் வாங்கிக்கொண்டார்கள்). அந்தப் பள்ளத்தில் 6 இஞ்ச் சரள் மண். ஒரே தடவையில் கொட்டவில்லை. 3 இஞ்ச் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடித்து, அப்புறம் அடுத்த 3 இஞ்ச். மண் இடிக்கிற மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, ஆனால் எங்கள் பின்கேட்டில் அது நுழையவில்லை. இரண்டு பேர் திமிசுக் கட்டையைப் பிடித்துத்தான் இடித்தார்கள். இடித்த மண்ணில் குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டி, தடம் விழாவிட்டால்தான் அடுத்தது என்றார் மேஸ்திரி. அதற்கு மேலே ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல்பொடி) கலந்து 4 இஞ்ச், அதுவும் இடித்து. அப்புறம் ஒன்றரை இஞ்ச் கலவை, ஒரு இஞ்ச் கல். கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டரை வரும். ஓர் அடிப் பள்ளத்துக்கு அரை இஞ்ச் மேலே கல் நிற்கிறது. மழைத் தண்ணீரோடு வரும் மண் பாதை மேல் ஏறாமல் இருக்க அந்த அரை இஞ்ச் போதும்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான சாய்வு. முதல் பாதை ரசமட்டம் வைத்துத் தப்பே சொல்ல முடியாத மட்டத்தில் இருந்தது, தண்ணீரும் அங்கேயே நின்றது! மேஸ்திரி 3 அடி அகலத்துக்கு அரை இஞ்ச் வாட்டம், தோட்டத்துப் பக்கமாகக் கொடுத்தார். வீட்டுச் சுவர்ப் பக்கம் கொடுத்தால் ஓதம் ஏறும். நீளவாக்கில் டியூப் மட்டம் பிடித்து நூல் கட்டினார். சாய்வு நடக்கும்போது காலுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும்.

கலவைப் பதத்தைப் பெண்களுக்குச் சொன்னால் உடனே புரியும். கீழே விரிக்கிற கலவை புட்டு மாவுப் பதம். சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு. கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதை முழுசாக, ஓர் இடம் விடாமல் விரிக்க வேண்டும். கல்லின் அடிமுகத்தில் சிமெண்டைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்துத் தடவி, அந்த ஈரம் காயும் முன் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்து ரப்பர் சுத்தியலால் தட்டியதும் மேஸ்திரி சில கற்களைத் திரும்பத் தூக்கிப் பார்த்தார். அடியில் எங்கேயாவது கலவை ஒட்டாமல் கறுப்பாகத் தெரிந்தால் அங்கே இன்னும் ஒரு கை கலவை போட்டு, மறுபடி. சித்தாள் அம்மா, “பெரியவரு தோசையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காரு” என்று சிரித்தார். அந்தப் பாதையில் இன்று எந்தக் கல்லைத் தட்டினாலும் ஒரே சத்தம்தான்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடுக்கு விட்டார். ஒட்டி ஒட்டிப் போட்டால் அழகு என்று நான் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. இடுக்கில் ஒன்றுக்கு நாலு கலவை, ஈரமண் பதத்தில் அமுக்கி அமுக்கி. 10 அடிக்கு ஓர் இடுக்கில் மட்டும் சிமெண்ட் இல்லாமல் வெறும் மணல். வெயிலுக்குக் கல் நீளவும், அடியில் மண் கொஞ்சம் அசைந்தால் கொடுத்துப் போகவும். கல் மேல் சிந்திய சிமெண்ட் பாலை அப்போதைக்கப்போது ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். காய விட்டால் அப்புறம் அதற்கும் ஆசிட்தான் என்று ஒரு பையன் கேனோடு வந்து நிற்பான்.

மாமரத்தடியில் மட்டும் சிமெண்டே கிடையாது. டஸ்ட் மேல் கல்லை உட்கார வைத்து இடுக்கில் டஸ்ட்டையே தூர்த்தோம். வேருக்குத் தண்ணீர் வேண்டும், வேர் கல்லைத் தூக்கினால் எடுத்துத் திரும்பப் போடவும் வேண்டும்.

கல் அறுப்பது பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. கேட் ஓரத்துக்கு இரண்டு மூன்று கல் அறுக்க வேண்டியிருந்தது. மேஸ்திரியோடு வந்த பையன் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு மிஷினை ஓட்டினான். புகை மாதிரி தூசு. துண்டு அந்தத் தூசை நிறுத்தாது. கிரானைட்டிலும் மணற்கல்லிலும் குவார்ட்ஸ் என்ற கனிமம் அதிகம், அந்தப் பொடி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும். கடப்பாவில் குவார்ட்ஸ் குறைவு என்றாலும் அந்தப் பையன் நாளைக்கு இன்னொரு வீட்டில் கிரானைட் அறுப்பான். நல்ல மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்து, பிளேடு படுகிற இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கச் சொன்னேன். சாதாரண மின்சார மிஷினும் தண்ணீரும் ஆகாது என்பதால் இது தண்ணீர் விட்டு அறுப்பதற்கென்றே உள்ள மிஷினில்தான். அதையும் வாடகைக்கு எடுத்தோம். சின்னச் செலவு. வேலை கொடுக்கிறவர்கள் கேட்டு வாங்கினால்தான் வரும்.

இனி சீலர். மாசியில் வேலை முடிந்தது. ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வைத்தோம். மேஸ்திரி கணக்கை முடித்துக்கொண்டு போகும்போது, “சீலர் அடிக்கணும்னா மழைக்கு முன்னாடி அடிங்க, அதுவரைக்கும் அது பாட்டுக்குக் காயட்டும்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதி நான் படித்துத் தெரிந்துகொண்டது.

பதித்த பாதைக்குள் நிறைய ஈரம் இருக்கிறது. கலவையின் ஈரம், சாக்குப் போட்ட ஈரம், இடிக்கும்போது தெளித்த ஈரம். அது போவதற்கு வழி மேலே மட்டும்தான். அந்த வழியில் நாலாம் நாள் பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலத்தை ஒட்டினால், ஈரம் அதற்கு அடியில் வந்து முட்டி நிற்கும், கூடவே உப்பையும் கொண்டு வரும். எங்கள் முதல் பாதையில் கட்டிய மேகம் அதுதான். சிமெண்ட் முழு பலத்துக்கு வர 28 நாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நான் சித்திரைக் கடைசி வரை, ஏறக்குறைய பதினோரு வாரம் விட்டேன். நடுவில் பங்குனியில் உப்பு பூத்தது. பூக்கட்டும் என்று விட்டு, காய்ந்த தென்னந்துடைப்பத்தால் வாரத்துக்கு இரண்டு தரம் கூட்டி முறத்தில் அள்ளிப்போட்டேன். தண்ணீர் விட்டுக் கழுவவில்லை. விட்டால் திரும்ப ஈரம் உள்ளே இறங்கும், மறுபடி உப்பு பூக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து முறத்தில் ஒன்றும் விழவில்லை.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்க ஒரு சுலப வழி. ஜவுளிக்கடை பாலிதீன் பை ஒன்றைக் கிழித்து, கல் மேல் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விட்டேன். முதல் தடவை, பங்குனியில், காலையில் பையின் அடியில் வியர்த்திருந்தது. சித்திரைக் கடைசியில் சுத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் டின்னைத் திறந்தேன்.

சீலரில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று மேலே படலமாக நிற்பது. பளபளக்கும், மழையில் வழுக்கும், இரண்டு வருஷத்தில் தோல் உரியும். இன்னொன்று கல்லின் துளைக்குள் இறங்கி, தண்ணீர் ஒட்டாமல் செய்வது. சிலேன், சிலாக்சேன் என்று டின்னில் போட்டிருக்கும். ஈரம் ஆவியாக வெளியே போக இது வழி விடும். வெளி வாசலுக்கும் தோட்டத்துக்கும் இரண்டாவதுதான். அதை வெயிலில் அடிக்கக் கூடாது. கறுப்புக் கல் சித்திரையில் அடுப்பு மாதிரி கொதிக்கும், சீலர் உள்ளே இறங்குவதற்குள் காய்ந்துவிடும். சாயங்காலமும் கல் சூடு தணியாது. நான் காலை ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்து ஏழரைக்குள் முடித்தேன். பிரஷ்ஷால் தடவி, கல் குடிக்கிற வரை குடிக்க விட்டு, பத்து நிமிஷத்தில் மேலே நிற்கும் மிச்சத்தைப் பழைய வேட்டியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பிசுக்குப் பிடித்துத் தூசி ஒட்டும். முதல் மூன்று கல்லில் நான் அசட்டையாக இருந்துவிட்டேன், அந்த மூன்றும் இன்னும் கொஞ்சம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கின்றன. அன்று முழுக்க யாரையும் நடக்க விடவில்லை, பூனையைத் தவிர. அது கேட்கவில்லை.

அடித்து முடித்து மறுநாள் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, “என்ன டீச்சர், போட்ட மாதிரியே தெரியலையே” என்றார். தெரியக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினேன். சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றது. வருஷம் ஒரு தரம் இதே சோதனைதான். சொட்டு உருளாமல் கல் கறுத்து உறிஞ்ச ஆரம்பித்தால் திரும்ப அடிக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தோட்டத்துப் பாதைக்குச் சீலர் கட்டாயம் இல்லை. கோயில் பிரகாரத்துக் கல்லுக்கு யார் சீலர் அடித்தார்கள்? துவைக்கிற கல் பக்கம், நாவற்பழம் உதிர்கிற இடம், விளக்கு எண்ணெய் சிந்துகிற துளசி மாடத்தடி, இங்கெல்லாம் கறை இறங்காமல் காக்கும், அவ்வளவே. ஆசிட்டை அது தடுக்காது. புளித்தண்ணீரோ எலுமிச்சையோ சிந்தினால் சீலர் அடித்த கடப்பாவும் மங்கத்தான் செய்யும். கறுப்பு மங்கிச் சாம்பல் ஆவதையும் தடுக்காது. வெயிலில் கிடக்கும் கடப்பா வெளுக்கத்தான் செய்யும். அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. இரண்டு நாள் அழகு, அப்புறம் தெருப் புழுதி முழுக்க அதில்தான். கழுவுவதற்குத் தண்ணீரும் விளக்குமாறும் போதும். பாசி பிடித்தால் கொஞ்சம் சோப்புத்தூள். கடப்பாவில் எனக்கு இருக்கும் ஒரே குறை, மத்தியானம் வெறுங்காலோடு போக முடியாது. பிரகாரத்தில் வெள்ளைப் பட்டை அடிக்கிற மாதிரி அடித்துவிடலாமா என்று கூட யோசித்தேன். திரும்பப் போடுவதாக இருந்தால் வெளிர் நிறத்தில் தாண்டூர் கல்தான் வாங்குவேன். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை.

உங்கள் பத்திரிகை செய்யக்கூடிய காரியம் இரண்டு இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், சுண்ணாம்புக்கல்லுக்கு ஆசிட் கூடாது, ஈரக் கல்லில் சீலர் கூடாது என்று இரண்டு வரி திருத்தம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு கொத்தனாரிடம் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, நான் வாங்கிய சீலர் டின்னில் ஆங்கிலமும் இந்தியும் இருந்தது, தமிழில் ஒரு வரி இல்லை. கல் காய்ந்திருக்க வேண்டும், மிச்சத்தைத் துடைக்க வேண்டும், கையுறை போட வேண்டும், நெருப்புப் பக்கம் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த டின்னைத் திறக்கிறவர் மேஸ்திரியும் பையனும். அவர்களால் அதைப் படிக்க முடியவில்லை. இதைப் பற்றிக் கம்பெனிக்காரர்களிடம் கேட்டு ஒரு செய்தி போட்டால் நன்றாக இருக்கும். கடிதம் நீண்டுவிட்டது, இடம் இல்லையென்றால் வாட்டத்தையும் பூனையையும் வெட்டிக்கொள்ளுங்கள். ஆசிட் விஷயத்தை வெட்ட வேண்டாம்.

ஆசிட் பட்ட கல் இரண்டும் கிணற்றடியில் சாய்த்துத்தான் வைத்திருக்கிறேன். கட்டுரை எழுதியவர் இந்தப் பக்கம் வந்தால் தொட்டுப் பார்க்கலாம், காபியும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கோவில்பட்டி.